எடைக்குப் போகும் கோபுரங்கள்

பித்தளையிலும் அலுமினியத்திலும் வார்த்த குட்டிக் கட்டடங்களைப் படம் எடுத்து அனுப்பி, "இது என்ன விலை போகும்?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். தஞ்சை விமானம், தாஜ்மகால், குதுப்மினார், சார்மினார், வள்ளுவர் கோட்டத் தேர், கன்னியாகுமரிப் பாறை. படத்தோடு வரும் வரி மட்டும் மாறுவதே இல்லை: "ஆன்டிக் பீஸ், நூறு வருஷம் பழசு, அதனால நல்ல விலை." விற்பவர் சொன்னதை வாங்கப் போகிறவர் அப்படியே எனக்கு அனுப்புகிறார். இந்த ஒரு வரியில மூணு கோளாறு இருக்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கோளாறு, 'ஆன்டிக்'. நம் நாட்டில் இதற்கு ஒரு சட்டப் பொருள் உண்டு. 1972-இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, குறைந்தது நூறு ஆண்டு பழமையான சிற்பமோ கைவினைப் பொருளோ தொல்பொருள் ஆகிறது. அதை விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆக, உரிமம் இல்லாத ஒருவர் "நூறு வருஷம் பழசு" என்று சொல்லி விற்றால் இரண்டில் ஒன்று: சொல்வது பொய், அல்லது விற்பது குற்றம். அனுபவத்தில் பெரும்பாலும் முதலாவதுதான். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆசைப்படாமல் கொஞ்சம் உஷாராவது நல்லது.

இரண்டாவது கோளாறு, 'நூறு வருஷம்'. இந்தப் பொருள்களின் வயதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. பொருளே சொல்லும். கேட்கத் தெரிந்தால் போதும்.

எளிய சாட்சி, கட்டடத்தின் சொந்த வரலாறு. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் பல நூற்றாண்டு மொட்டைக் கோபுரமாக நின்று, 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு எழும்பி நிறைவடைந்தது 1987-இல். முழுக் கோபுரமாக வார்த்த ஸ்ரீரங்கம் பொம்மை எதுவும் அந்தப் பணிக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. வள்ளுவர் கோட்டம் திறந்தது 1976. விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் 1970. பக்கத்துப் பாறையில் 133 அடித் திருவள்ளுவர் நின்றது 2000 ஜனவரி 1. மண்டபமும் சிலையும் சேர்ந்து ஒரே பீடத்தில் இருந்தால் அந்தப் பொருளுக்கு வயது பெரும்பாலும் இருபத்தைந்தை ஒட்டித்தான் இருக்கும். ரிப்பன் மாளிகை 1913, கொல்கத்தா விக்டோரியா நினைவகம் 1921, மும்பை கேட்வே 1924. இந்த ஆண்டுகளை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாலே பாதி ஏமாற்று விலகிவிடும்.

ஆனால் இது கீழ் எல்லையை மட்டுமே தரும். தாஜ்மகாலும் தஞ்சை விமானமும் எந்தக் காலத்திலும் வார்க்கப்படலாம். அங்கே கைகொடுப்பது எழுத்து.

நம் ஊர் நினைவுப் பரிசுகளில் பீடத்தில் ஒரு தகடு இருக்கும். அதில் 'சென்னை' என்று எழுதியிருந்தால், 'னை'க்குத் துதிக்கை போட்ட பழைய வடிவமா, இன்றைய வடிவமா என்று பாருங்கள். 'லை', 'ணை', 'ளை', 'ணா', 'றா', 'னா' எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978 அக்டோபரில். பழைய வடிவம் தெரிந்தால் தகடு பெரும்பாலும் எழுபதுகள் அல்லது எண்பதுகளின் முற்பகுதி. எழுத்து வெட்டுபவர்களின் கை அரசாணை வந்த மறுநாளே மாறிவிடாது. மறுபக்கம், புதிய வடிவம் இருந்தால் உடனே 1978-க்குப் பிறகு என்று முடிவு கட்டவும் முடியாது. பெரியார் 1935-லேயே குடிஅரசு இதழில் இந்த வடிவங்களைக் கையாளத் தொடங்கிவிட்டார். திராவிடர் கழகத்துக்காரர் ஒருவருக்குக் கொடுத்த பரிசில் 1960-லேயே புதிய 'னை' இருக்கலாம். அப்போது அந்த எழுத்து ஆண்டைச் சொல்லாது, ஆளைச் சொல்லும். எனக்கு இதுதான் இன்னும் சுவாரசியம்.

அடுத்தது முகவரி. 'சென்னை ராஜ்யம்' என்றோ 'மெட்ராஸ் ஸ்டேட்' என்றோ இருந்தால் 1969 ஜனவரிக்கு முன். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. அம்பத்தூருக்கு 600053, தொழிற்பேட்டைக்கு 600058, ஆவடிக்கு 600054, பூந்தமல்லிக்கு 600056. இந்த ஆறு இலக்கம் இருந்தால் அதற்கு முந்தியது அல்ல. ஆங்கிலத் தகட்டில் 'மெட்ராஸ்' போய் 'சென்னை' வந்தது 1996-க்குப் பிறகு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுக்குமே மாவட்டம் 'செங்கல்பட்டு' என்று இருந்தால் 1997-க்கு முன். அந்த ஆண்டுதான் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது. நம் மேற்குப் புறநகர் நிர்வாகம் மாறிய அளவுக்கு வேறு பகுதி மாறியிருக்குமா தெரியாது. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது, ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. நமக்குத் தலைவலி, தகடு படிப்பவருக்கு வரம்.

வெளிநாட்டுப் பொருள்களிலும் இதே வித்தைதான். அடியில் 'ஆக்குபைட் ஜப்பான்' என்று பொறித்த உலோகப் பொம்மைகள் பழைய பொருள் சந்தைகளில் எப்போதாவது கண்ணில் படும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் அமெரிக்கப் படைகளின் பிடியில் இருந்த காலத்து முத்திரை அது. 1952-இல் ஆக்கிரமிப்பு முடிந்ததும் நின்றுவிட்டது. ஒரே முத்திரை, ஐந்தாறு ஆண்டுக்குள் காலத்தை அடைத்துவிடுகிறது.

இனி உலோகம். கடைக்காரருக்கு மஞ்சளாக இருப்பதெல்லாம் பித்தளை, வெள்ளையாக இருப்பதெல்லாம் 'ஒயிட் மெட்டல்'. இதைச் சரிபார்க்கச் சமையலறைத் தராசு போதும். முதலில் பொருளை எடை போடுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கி, பொருளை நூலில் கட்டி, அடியும் பக்கமும் தொடாமல் முழுக்க முக்குங்கள். தராசு இப்போது காட்டும் கிராம்தான் பொருளின் கன அளவு. முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி. 520 கிராம் பொருளுக்குத் தண்ணீரில் 62 வந்தால் அடர்த்தி 8.4, அது பித்தளை. 78 வந்தால் 6.7, அது துத்தநாகக் கலவை; மேலே பித்தளை முலாம் பூசியிருக்கிறார்கள். அலுமினியம் 2.7, ஈயம் 11.3. உள்ளே காற்று சிக்கினால் கணக்கு தப்பும். பொருளைச் சாய்த்துக் குமிழியை வெளியேற்றிவிட்டுப் பாருங்கள். பீடத்தோடு இருக்கும் பொருளை இதற்காகக் கழற்றாதீர்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

வார்த்த விதமும் மேற்பரப்பில் எழுதியிருக்கும். மணல் வார்ப்பில் தோல் சொரசொரப்பாக இருக்கும், இரண்டு பாதி அச்சு சேர்ந்த கோடு அரத்தால் தேய்க்கப்பட்டிருக்கும். மெழுகு வார்ப்பில் சேர்ப்புக் கோடு இருக்காது. உளி ஓடிய தடம் தெரியும், இரண்டு கோபுரம் ஒன்றுபோல் இருக்காது. டை காஸ்டிங்கில் மேற்பரப்பு வழவழப்பு, சுவர் மெல்லிசு. உள்பக்கம் திருப்பினால் எஜெக்டர் பின் தள்ளிய வட்டத் தழும்புகள் சின்னக் காசு மாதிரி தெரியும். 1964-இல் தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து அம்பத்தூருக்கு இது பழகின வித்தை. வண்டி பாகத்துக்கு டை வெட்டத் தெரிந்த கைக்குக் கோபுரத்துக்கு வெட்டுவது பெரிய விஷயமில்லை. அந்த வட்டத் தழும்பைப் பார்த்ததும் 'மெஷின் மால்' என்று ஒதுக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடிவதில்லை. சுவாமிமலையின் முத்திரை உளித்தடம் என்றால் அம்பத்தூரின் முத்திரை அந்த வட்டம்தான்.

துத்தநாகக் கலவையில் ஒரு நோய் உண்டு. கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால் வருஷக்கணக்கில் உள்ளுக்குள் அரித்து, பொருள் வீங்கி, வெடித்து, பிஸ்கட் மாதிரி உதிரும். வெடிப்பு தெரிந்தால் வாங்காதீர்கள். ஒட்டவைக்க மருந்து கிடையாது.

போலிப் பழமையைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. அமிலத்தில் முக்கிய பச்சை எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். உண்மையான பழசு அப்படி இராது. கை படும் கலசமும் விளிம்பும் தேய்ந்து மின்னும், இடுக்குகள் கறுத்திருக்கும். நம் வீட்டுப் பொருளென்றால் அந்த இடுக்குகளில் பாலிஷ் காய்ந்த வெள்ளைப் பொடியோ புளிச் சக்கையோ கூட இருக்கும்.

இந்தப் புளி விஷயத்தில் வெளிநாட்டுக் கையேடுகளோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. 'பாட்டினா'வைத் தொடாதே, தேய்த்தால் பாதி விலை போச்சு என்பது அவர்கள் விதி. அந்த விதியை அப்படியே எடுத்து வந்து, புளி போட்டுத் துலக்கிய பித்தளைக்கு இங்கே விலை குறைக்கிறார்கள். நம் வீடுகளில் பித்தளை கறுத்துக் கிடந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை துலக்கிய கோபுரம், ஒரு குடும்பம் அதை மதித்தது என்பதற்குச் சாட்சி. துலக்குவதால் வரும் உண்மையான நஷ்டம் வேறு: தகட்டு எழுத்து தேய்ந்து போகிறது. விலை குறைப்பதானால் அதற்குக் குறைக்கட்டும்.

இனி வடிவம். இங்கேதான் என் பெரிய மனக்குறை. வரிசையாக ஏழோ ஒன்பதோ கலசம் வைத்த எந்தப் பொருளையும் 'தஞ்சைப் பெரிய கோயில்' என்று விற்கிறார்கள். கோபுரமும் விமானமும் வேறு. கோபுரம் வாசல் மேல் நிற்பது. அடி நீள்சதுரம், உச்சியில் வண்டிக்கூண்டு போல வளைந்த கூரை, அதன் மேல் கலச வரிசை. விமானம் கருவறை மேல் நிற்பது. தஞ்சையில் அடி சதுரம், உச்சியில் எண்பட்டைச் சிகரம், ஒரே கலசம். தஞ்சைக்கும் வாசல் கோபுரங்கள் உண்டு, ஆனால் அவை விமானத்துக்கு முன் குட்டை. ஆகவே ஒரு கலசமா, வரிசையா என்ற ஒரே கேள்வியில் பாதிக் கடை காலியாகிவிடும்.

ஒற்றைக் கலசம் இருந்தாலும் அடுத்த கேள்வி உண்டு: பக்கக் கோடு நேராக ஏறுகிறதா, உள்வாங்கி வளைகிறதா? தஞ்சை நேர்க்கோடு, 13 நிலை. கங்கைகொண்ட சோழபுரம் உள்வளைவு, 9 நிலை. அப்பன் கட்டியது நெட்டுக்குத்து, மகன் கட்டியது நெளிவு. அளவும் பார்க்கலாம். தஞ்சை விமானம் சுமார் 216 அடி உயரம், அடி சுமார் 99 அடிச் சதுரம். எட்டு அங்குலம் உயரமான பொம்மைக்கு அடி கிட்டத்தட்ட மூன்றே முக்கால் அங்குலம் இருக்க வேண்டும். என்னிடம் உள்ள ஒன்றில் அடி இரண்டரைதான் இருக்கிறது. மேசையில் இடத்தை அடைக்காமல் உயரமாகத் தெரிய வேண்டும் என்று வார்த்தவர் ஒடுக்கிவிட்டார். பெரிய கோயிலின் கம்பீரம் அதன் அகலத்தில் இருக்கிறது என்பதை இந்தத் தப்பான பொம்மைதான் எனக்குப் புரிய வைத்தது. சரியான பிரதி கட்டடத்தைக் காட்டும். தப்பான பிரதி, அந்தக் கட்டடத்தில் எதை முக்கியம் என்று அந்தக் காலத்துக் கண் நினைத்தது என்பதைக் காட்டும். இரண்டுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் எது எது என்று தெரிந்து கொடுக்க வேண்டும் காசை.

மூன்றாவது கோளாறுக்கு வருவோம்: 'பழசு, அதனால நல்ல விலை.' பழமை மட்டும் விலையாகாது. விலையை நிர்ணயிப்பது எது?

அமெரிக்காவில் இந்தச் சேகரிப்புக்கு ஒரு மரபே இருக்கிறது. டேவிட் வைன்கார்ட்டன், மார்கரெட் மஜுவா என்ற இருவர் ஆயிரக்கணக்கில் சேர்த்து அதைப் புத்தகமாகவும் போட்டார்கள். அங்கே ஆர்வத்தின் வேர் நினைவுப் பொருளின் கதையில் இருக்கிறது. சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்குப் பணம் திரட்ட 1885 வாக்கில் ஆறு அங்குலச் சிலையை ஒரு டாலருக்கும் பன்னிரண்டு அங்குலச் சிலையை ஐந்து டாலருக்கும் விற்றார்கள். அந்தச் சிலை இன்று மதிக்கப்படுவது பழசு என்பதால் மட்டுமல்ல. யாரோ ஒரு சாதாரண ஆள் ஒரு டாலர் கொடுத்து அந்தப் பீடத்தில் ஒரு கல்லானார் என்பதற்கு அது ரசீது.

நம் ஊரில் அந்த ரசீது எங்கே இருக்கிறது? பீடத்துத் தகட்டில். இங்கே உலோகக் கட்டடம் சுற்றுலாக் கடையில் வாங்கியதாக இருப்பதைவிட, மேடையில் கையில் கொடுத்ததாக இருப்பதே அதிகம். பணி நிறைவு, இருபத்தைந்து ஆண்டு சேவை, கும்பாபிஷேகக் கமிட்டி, தொழிற்சங்க மாநாடு, பள்ளி ஆண்டு விழா. பாடியிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். சாலையின் இரண்டு பக்கமும் தொழிற்சாலையை நம்பி வளர்ந்த ஊர்கள். ஷோகேஸில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கோபுரம் நிற்காத வீடு குறைவு. ஆவடிப் பக்கம் கோபுரத்துக்குப் பதில் டாங்கி நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வீடுகள் இப்போது அடுக்ககமாகின்றன. பெரியவர் காலமானதும் ஷோகேஸ் காலியாகிறது. காயலான் கடையில் நடப்பது இது: உலோகம் எடைக்கு, மரம் அடுப்புக்கு. கடைக்காரர் மேல் தப்பே இல்லை. "கட்டையோட எடை போட முடியாது சார்" என்று திருப்புளியால் ஒரு நெம்பு. கோபுரம் ஒரு கோணியில், தகடு ஒரு கோணியில். அரை கிலோ பித்தளை, கிலோ ஐநூறு என்று வைத்துக்கொண்டால் இருநூற்றைம்பது ரூபாய். பிறகு அதே கோபுரம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ இணையத்திலோ பீடமில்லாமல் 'ஆன்டிக்' ஆகத் திரும்பி வருகிறது. பெயர் போனதும்தான் அதற்கு நூறு வயது ஏறுகிறது, கவனித்தீர்களா? தகடு இருந்தவரை '1981' என்று உண்மை பேசிய பொருள் அது.

அதனால்தான் என் வரிசை கடைக்காரர்களின் வரிசைக்கு நேர் எதிர். நான் முதலில் பார்ப்பது சாட்சி: தகடும் பீடமும் உண்டா, எழுத்து படிக்க முடிகிறதா, பீடத்தைப் பிடித்திருப்பது பழைய திருகாணியா, புதிய பசையா. இரண்டாவது வேலை: வார்ப்பு சுத்தமா, நிலைகளும் கூடுகளும் எண்ண முடிகிற அளவுக்குத் தெளிவா. மூன்றாவது அடையாளம்: எந்தக் கட்டடம் என்று சொல்ல முடிகிறதா, அல்லது 'ஏதோ ஒரு கோபுரமா'. நான்காவது நிலை: வெடிப்பு, ஒட்டு, உடைந்த கலசம். உலோகத்தின் எடை கடைசி. அது தரை விலை, அதற்குக் கீழே போகாது என்பதற்கு மட்டும் அது உதவும். தகட்டோடு இருக்கும் சாதாரண அலுமினியத் தேருக்கு, தகடில்லாத கனமான பித்தளை விமானத்தைவிட நான் அதிகம் கொடுப்பேன்.

விலை கேட்பவர்களுக்கு இன்னொன்று. இணையத்தில் எழுதியிருப்பது கேட்கும் விலை. போன விலை வேறு. எட்டாயிரம் என்று போட்டு ஒரு வருஷம் விற்காமல் கிடக்கும் பொருளின் விலை எட்டாயிரம் இல்லை. இரண்டு பேர் நிஜமாகக் காசு கொடுத்து வாங்கிய தொகை தெரிந்தால்தான் அது விலை.

"அப்போ யாரோ ஒருத்தர் பேர் போட்ட பரிசை வேற ஒருத்தர் ஏன் வாங்கணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வெள்ளி டம்ளரில் பாட்டி பெயர் பொறித்திருந்தால் வேறு வீட்டில் அது அந்நியம்தான். ஆனால் இந்தத் தகடுகளில் இருப்பது தனி ஆள் பெயர் மட்டுமில்லை. எந்தப் பிரிவு, எந்த ஷிப்ட் நண்பர்கள், எந்தத் தெரு நலச்சங்கம், எந்த வருஷத் திருப்பணி என்றும் இருக்கிறது. மூடிய பட்டறைகளுக்கும் கலைந்த சங்கங்களுக்கும் வேறு யாரும் வரலாறு எழுதவில்லை. எழுதியதெல்லாம் நாலு அங்குலத் தகட்டில், ஏழெட்டு வரியில், 'அன்புடன் வழங்குவோர்' என்று முடியும் எழுத்தில்தான் இருக்கிறது.

விற்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இடம் போதாத வீட்டில் பத்து ஷீல்டை யார் வைத்துக்கொள்வது? செய்யக்கூடியது சின்னது. எடைக்குப் போடும் முன் மூன்று படம் எடுங்கள்: முன்பக்கம், அடிப்பக்கம், தகடு. பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். யாருக்கு, எதற்குக் கொடுத்தது என்று வீட்டில் தெரிந்தவரிடம் கேட்டு இரண்டு வரி எழுதிவையுங்கள். முடிந்தால், கட்டையோடு விற்கிறேன், கழற்றாமல் எடுப்பவருக்குத்தான் தருவேன் என்று சொல்லிப் பாருங்கள். இருபது ரூபாய் குறையலாம். கோபுரம் உருகினாலும் யாருடைய கோபுரம் என்பது உருகாமல் இருக்கும்.